கடிக்கிற பெட்டி

எங்கள் வீட்டுக் கிணற்றின் ஆழம் முப்பத்திரண்டு அடி. நானே நான்கு முறை அளந்திருக்கிறேன். அதில் தண்ணீர் எத்தனை அடி என்பதுதான் நாளுக்கு நாள் மாறும். தினமும் காலை ஆறு பத்துக்கு, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கி, நனைந்த முடிச்சுகளை எண்ணி நோட்டில் எழுதிவைப்பேன். பத்தொன்பது வருடங்களில், ஊருக்குப் போனது, காய்ச்சலில் படுத்தது எல்லாம் சேர்த்து இருபத்து மூன்று நாட்கள் விட்டுப்போயிருந்தன. அந்த இருபத்து மூன்றை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறுவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம். நனைந்த முடிச்சுகள் மூன்றுதான். மயிலாப்பூர் குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு நான்கு மாடிக் குடியிருப்புக் கட்டப்போவதாகத் தெரிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எங்கள் மதில் சுவரிலிருந்து ஆறடி தள்ளி இரண்டு போர் போடப்போகிறார்கள் என்று அங்கே வேலை செய்த மேஸ்திரி சொன்னார். அந்த இடத்துக்கும் என் கிணற்றுக்கும் பதினெட்டு அடி. இரண்டு போரும் ஓட ஆரம்பித்தால் மூன்று முடிச்சும் காய்ந்துவிடும்.

தெருக்காரர்கள் கூட்டம் ஒன்று ஏற்பாடாயிற்று. கட்டுகிறவரும் வருவதாக ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பதினைந்து நாட்கள் இருந்தன.

அவர் என்ன சொல்வார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். "மழை இல்லை சார், அதனால கிணறு வத்தறது" என்பார். எல்லோரும் தலையாட்டிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போவார்கள். தண்ணீர் இறங்கியதில் மழையின் பங்கு எவ்வளவு, தெருவில் ஏற்கெனவே போட்ட நான்கு போர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால்தான் என் பேச்சு எடுபடும். பிரித்துக் காட்ட எனக்குத் தெரியும். புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் அதைத்தான் செய்தேன். அதற்காக நான் அந்தக் காலத்தில் அட்டையில் துளை போட்டு எழுதிய ஃபோர்ட்ரான் நிரல், இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள், அச்சிட்ட தாளில் பத்திரமாக இருந்தது. அதை ஓட்ட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. என்னுடையது அல்ல. என் மகன் மஸ்கட்டில் வேலை பார்த்தான். எங்களோடு இருந்த மருமகள், ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுப்பதற்காக வாங்கிப் போட்டிருந்த மெஷின் அது. கிணற்று அளவுகளில் திங்கட்கிழமை அளவுகளை மட்டும் எடுத்து, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றையும் அவள்தான் எனக்காகத் தட்டச்சு செய்து ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தாள். ஒரே ஒரு எண் தப்பு. நான் கண்டுபிடித்துச் சொன்னேன். திருத்திக் கொடுத்தாள்.

ஆனால் அந்த மெஷினில் ஃபோர்ட்ரான் கிடையாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் எல்லாம் இலவசமாக இருக்கிறது என்று படித்தேன். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு அதன் குறுந்தகடும் கிடைத்தது. மருமகளிடம் கேட்டேன்.

"அப்பா, அதுல மூணு தீசிஸ் இருக்கு" என்றாள். "என் ஹார்ட் டிஸ்க்ல மட்டும் கை வெக்காதீங்கோ. வேற என்ன வேணா பண்ணிக்கோங்கோ."

நியாயம்தான். ஆகவே வேறு டிஸ்க் தேவைப்பட்டது. தி. நகரில் இருந்த என் மச்சினன், என் மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவனிடம் வெளியிலிருந்து சொருகிக்கொள்ளும் டிஸ்க் ஒன்று இருந்தது. சாம்பல் நிற இரும்புப் பெட்டி, அகராதி அளவு, தனக்கென்று தனி மின்கம்பி. கம்ப்யூட்டரின் முதுகில் பிரிண்டர் சொருகுகிற இடத்தில் அதைச் சொருக வேண்டும்.

"அத்திம்பேர், இதுல லினக்ஸ் போட்டவா மெட்ராஸ்ல எத்தன பேர்னு தெரியுமா?" என்றான்.

"எத்தனை?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல. அதான் கேட்டேன்."

மெஷின் அந்தப் பெட்டியிலிருந்து தானாக எழுந்திருக்காது, எழுப்பிவிட இரண்டு ஃப்ளாப்பிகள் வேண்டும் என்று அவற்றையும் தயார் செய்து கொடுத்தான். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒன்பது நிறுத்தங்கள். ஒரு குலுக்கலும் படவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். பின்னால் அவன் அதைத்தான் முதலில் கேட்டான்.

எனக்குக் கிடைத்த நேரம் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை. ஒன்பது அடித்தால் மருமகள் உட்கார்ந்துவிடுவாள். திங்கட்கிழமை விடிகாலையில் பிரிண்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைச் சொருகினேன். முதல் ஃப்ளாப்பி, இரண்டாவது ஃப்ளாப்பி, பிறகு குறுந்தகடு. லினக்ஸ் ஒரே துண்டாக உள்ளே போவதில்லை. முந்நூற்று நாற்பத்தேழு பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். தகட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து டிஸ்க்கில் அடுக்கும். திரையின் ஓரத்தில் எண் ஏறிக்கொண்டே போகும்.

எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. நூறு தாண்டியதும் எழுந்து போய்க் கிணற்றை அளந்துவிட்டு வந்தேன். இருநூற்று மூன்றில் நின்றது. டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி. பிறகு அதே வரி இன்னொரு தரம், இன்னொரு தரம், திரை நிறைய. இருபத்தைந்து வரிகள்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். நூற்று எண்பதில் நின்றது.

செவ்வாய்க்கிழமை அதிகபட்சம் நூற்றுத் தொண்ணூற்றாறு. புதன்கிழமை நூற்று எழுபத்தொன்று. ஒரே பொட்டலத்தில் நின்றால் தகட்டில் கீறல் என்று விட்டுவிடலாம். ஒவ்வொரு தரமும் வேறு வேறு இடத்தில் நின்றது. தகட்டைத் துடைத்தேன். ஃப்ளாப்பிகளை மறுபடி எழுதினேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன், ஆறு முறை. தனி நோட்டு ஒன்று போட்டு, முயற்சி எண், தொடங்கிய மணி, நின்ற பொட்டலம், அப்போது வீட்டில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது என்று நான்கு பத்திகள் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

மூன்றாவது நாளே நான்காவது பத்தியில் ஒன்று தட்டுப்பட்டது. மிக்சி ஓடும்போது மூன்று முறை நின்றிருந்தது.

"ஆறிலேர்ந்து ஒம்பது வரைக்கும் மிக்சி போடாதே" என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஏன்னா, சட்னிக்கும் உங்க பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைத்தான் பாத்துண்டிருக்கேன்."

"கண்டுபிடிக்கறவரைக்கும் மொளகாப்பொடிதான். அப்பறம் நாக்கு எரியறதுன்னு என்னண்ட வரப்படாது."

நான்கு நாள் மிளகாய்ப்பொடி சாப்பிட்டோம். மிக்சி ஓடாமலேயே நின்றது. ஃப்ரிட்ஜை அணைத்துப் பார்த்தேன், மின்விசிறியை அணைத்துப் பார்த்தேன். மே மாதத்தில் விசிறி இல்லாமல் ஐந்திலிருந்து ஒன்பது வரை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். வேர்வை விசைப்பலகையில் சொட்டியது. நூற்று முப்பத்தொன்பதில் நின்றது.

இதற்கு நடுவில் மருமகள் வேறு. ஒன்பது மணிக்கு அவள் பிரிண்டரை மாட்டி அச்சடித்தால் பக்கத்துக்கு ஒன்றிரண்டு இடத்தில் சம்பந்தமில்லாத குறிகள் விழுந்தன. ஒரு வேதியியல் ஆய்வேட்டின் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் சிரித்த முகம் ஒன்று வந்திருந்தது.

"அப்பா, தெனமும் கேபிளப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டறேள், பின்னு வளைஞ்சிருக்கும்" என்றாள். தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தாள். பதினொரு தாள்கள் வீண்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இருபத்தைந்து பின்களும் நேராக இருந்தன. அதைச் சொன்னால் நான் வாதம் செய்கிறேன் என்பாள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

வீட்டு வேலைக்குப் பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வருவார். அவர் புருஷன் கட்டுமரத்தில் போகிறவர். எங்களிடம் பன்னிரண்டு வருடமாக வேலை. காலை ஏழே காலுக்குத் தரையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கு வருவார். முதல் வியாழக்கிழமை மேஜையைத் துடைக்கப் போனவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

"இன்னா ஐயரே இது, கடிக்கிது?"

"எது?"

"இந்தப் பொட்டிதான். சுர்ருங்குது."

நான் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு கையையும் வைத்தேன். "ஒண்ணும் இல்லையேம்மா."

"ஒனுக்கு ஒண்ணும் இல்ல. எனுக்குக் கீது. நா தொட மாட்டேன்பா, ஒம் பொட்டிய நீயே தொடச்சிக்க."

அன்றிலிருந்து அவர் அந்த மேஜைப் பக்கம் வருவதை விட்டார். நானே துடைத்தேன். அவருக்கு என் மேல் கோபம் இருந்தது, அதனால் சொல்கிறார் என்று நினைத்தேன். கோபத்துக்குக் காரணமும் உண்டு. அந்த வருடம் ஏப்ரலில், வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை பக்கெட் தண்ணீர் செலவாகிறது என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்துவிட்டு, சமையலறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினேன். குளிக்க இத்தனை, துவைக்க இத்தனை, தரை துடைக்க அரை என்று மொத்தம் முப்பத்தொன்று. வேண்டாத செலவு என்று எனக்குப் பட்டதை எல்லாம் அடித்தேன். வாசலில் இரண்டாம் தரம் தெளிப்பது, செம்பருத்திக்கு ஊற்றுவது, அந்த அம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் கொல்லை மூலையில் கொண்டுபோய் ஊற்றும் ஒரு பக்கெட். எல்லாம் போயிற்று. "தண்ணியக் கூடவா ஐயரே எண்ணுவ?" என்று கேட்டார். "தண்ணியைத்தான் எண்ணணும்" என்றேன்.

இரண்டாவது வாரம் தொடங்கியது. திங்கட்கிழமை அதிகபட்சம் எழுபத்தாறு. நோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளின் அதிகபட்ச எண்ணையும் வரைதாளில் புள்ளி வைத்தேன். ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. எண் குதிக்கவில்லை, சீராக இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்றின் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது. டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

தி. நகருக்கு ஃபோன் செய்தேன்.

"பஸ்ல கீழ போட்டேளா அத்திம்பேர்?" என்றான் மச்சினன்.

"போடலை."

"அது எங்காத்துல மூணு வருஷமா நன்னா ஓடிண்டிருந்தது. உங்காத்துக்கு வந்து ஒரு வாரத்துல சாகறதுன்னா..."

"சொல்லு, முழுசாச் சொல்லு."

"நீங்க அதையும் ஆறு பத்துக்கு எழுப்பி அளந்தா அது என்ன பண்ணும்?"

வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஓர் அதிசயம் நடந்தது. எண் நூறைத் தாண்டியது, இருநூறைத் தாண்டியது. மிக்சி பக்கத்தில் யாரும் போகவில்லையே என்று எட்டிப் பார்த்தால், மனைவி தேங்காயே அரைத்துக்கொண்டிருந்தாள். முந்நூறு. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். முந்நூற்றுப் பதினொன்றில் நின்றது. இன்னும் முப்பத்தாறு பொட்டலங்கள்தான். அன்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்ததாக மருமகள் சொன்னாள்.

புதன்கிழமை ஐம்பத்தைந்து. வியாழக்கிழமை முப்பத்தெட்டு.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். வரைதாளில் பத்துப் புள்ளிகள் ஒரு கோட்டில் இறங்கின. செவ்வாய்க்கிழமையின் புள்ளி மட்டும் தனியாக மேலே நின்றது. ஒரு புள்ளி கூட்டத்தோடு சேரவில்லை என்றால் அது ஏதோ எண்ணியதில் நடந்த பிசகு, அதை நீக்கிவிட்டு மற்றதைப் பார் என்று அலுவலகத்தில் புதிதாக வந்த எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதையேதான் செய்தேன். சிவப்புப் பென்சிலால் அதைச் சுழித்து அடித்துவிட்டு, கோட்டை நீட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை பூஜ்யத்தைத் தொடும் என்று காட்டியது.

கூட்டத்துக்கு மூன்று நாட்கள் இருந்தன. வியாழக்கிழமை மத்தியானம் கையாலேயே கணக்குப் போட உட்கார்ந்தேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொரு அளவுகள், ஒவ்வொன்றுக்கும் மழை, நான்கு போர்கள். மாலைக்குள் அறுபத்திரண்டு வரிசை முடிந்தது. இரண்டு இடத்தில் கூட்டல் தப்பு. மனைவி வந்து பார்த்துவிட்டு விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள். அவள் கேலி செய்யாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு செருப்பைத் தேடினேன். எனக்குக் குதிகால் வலி. வீட்டுக்குள்ளேயும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஐந்து வருடம் ஆகியிருந்தது. வலது செருப்பின் வார் அறுந்திருந்தது. மணி ஆறு ஆகப்போகிறது என்ற அவசரத்தில் ஈரக்காலோடு போய்ப் பெட்டியை நகர்த்தினேன்.

கடித்தது.

வேறு வார்த்தை எனக்கும் அகப்படவில்லை. விரலிலிருந்து முழங்கை வரை சுர்ரென்று ஏறியது. கையை இழுத்துக்கொண்டேன். மறுபடி தொட்டேன். மறுபடி கடித்தது. அறுந்த செருப்பையே காலால் இழுத்து இரண்டின் மேலும் ஏறி நின்று தொட்டேன். ஒன்றும் இல்லை. இறங்கித் தொட்டேன். கடித்தது. மேலே நான்கு, கீழே நான்கு, மொத்தம் எட்டு முறை செய்து பார்த்தேன். எட்டும் சரியாக வந்தது.

அந்த அம்மாள் சொல்லி எட்டு நாட்கள் ஆகியிருந்தன.

மச்சினனை அழைத்தேன். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை. "அத்திம்பேர், அதைத் தொடாதீங்கோ. நான் வரேன்" என்றான். முக்கால் மணியில் ஆட்டோவில் வந்து இறங்கினான். கையில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு கம்பிகள். சுவரில் இருந்த பிளக்கின் இரண்டு துளைகளில் கம்பிகளைச் சொருகினான். பல்பு நன்றாக எரிந்தது. ஒரு கம்பியை எடுத்து மூன்றாவது துளையில், மேலே இருக்கும் பெரிய துளையில், சொருகினான். பல்புக்குள் இழை மட்டும் லேசாகச் சிவந்து நின்றது.

"எர்த் போயிடுத்து" என்றான். "மெஷின்லேர்ந்து கசியற கரண்ட் தரைக்குள்ள எறங்க வழியில்ல. பெட்டி மேலயும் கேபிள்லயும் சுத்திண்டிருக்கு. டிஸ்க் எப்படி எழுதும்? பிரிண்டர் எப்படி ஒழுங்கா அடிக்கும்? உங்காத்து எர்த் பைப் எங்க இருக்கு?"

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

கொல்லை மூலையில் தரையிலிருந்து ஒரு ஜாண் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய். வீட்டின் எர்த் கம்பி அதில்தான் முடிகிறது. உள்ளே கரியும் உப்பும் போட்டுப் புதைத்திருக்கிறது. அந்த மண் ஈரமாக இருக்கும்வரைதான் அது வேலை செய்யும், கோடையில் வாரம் ஒரு பக்கெட் ஊற்ற வேண்டும் என்று வயரிங் செய்தவர் என் எதிரில்தான் சொன்னார். பன்னிரண்டு வருடமாக அதை ஊற்றிக்கொண்டிருந்தவர் வேலைக்கார அம்மாள். நிறுத்தியவன் நான். பட்டியலில் ஏழாவது வரி, சிவப்புப் பென்சில்.

நானும் மச்சினனும் மருமகளும் கொல்லைக்குப் போனோம். குழாயைச் சுற்றி மண் வெடித்துக் கிடந்தது. விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அந்த அம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா, மூணு பேரும் பைப்பாண்ட நின்னுகினு கீறீங்க?"

"எர்த் காஞ்சு போச்சு" என்றான் மச்சினன். "தண்ணி ஊத்தறதில்லையா?"

"என்னிய ஏன் கேக்குற? ஐயரக் கேளு. செவுத்துல எழுதி ஒட்டிக்கீறாரே." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, "செவ்வாக்கெயமகூட லாரித் தண்ணி கொடம் வழுக்கி இங்க கவுந்துச்சே, அதுக்கு இன்னா கத்து கத்துனாரு! ஒரு கொடம் போச்சி, ஒரு கொடம் போச்சின்னு" என்றார்.

செவ்வாய்க்கிழமை. காலை நான்கே முக்காலுக்குத் தண்ணீர் லாரி வந்தது, குடம் தூக்க அந்த அம்மாளும் வந்திருந்தார். முழுக் குடம் ஒன்று அந்த மூலையில் கவிழ்ந்தது. நான் கத்தினேன், உண்மைதான். அதற்குப் பிறகு ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன், முந்நூற்றுப் பதினொன்று வரை போனது. பதினொரு புள்ளிகளில் உண்மையைச் சொன்ன ஒரே புள்ளியை நான் அடித்துவிட்டிருந்தேன்.

"எத்தனை பக்கெட் ஊத்தணும்?" என்று மச்சினனிடம் கேட்டேன்.

"இப்ப காஞ்ச காய்ச்சலுக்கு ஒரு பத்தாவது வேணும்."

பத்து. கிணற்றில் மூன்று முடிச்சு. மனைவி சமையலறைக் கதவில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ராட்டினத்துக்குப் போனேன். நான் இறைத்தேன், அந்த அம்மாள் ஊற்றினார். ஒவ்வொரு பக்கெட்டும் வெடிப்புக்குள் கர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. எட்டாவது பக்கெட்டுக்குப் பிறகுதான் மேலே தேங்கி நின்றது. மச்சினன் உள்ளே போய் மறுபடி பல்பை வைத்துப் பார்த்தான். மூன்றாவது துளையிலும் பிரகாசமாக எரிந்தது.

சனிக்கிழமை காலை ஐந்து மணி. கோட்டின்படி அன்று பூஜ்யம் வர வேண்டும். ஆறு இருபதுக்கு முந்நூற்று நாற்பத்தேழும் உள்ளே போயிற்று. கிணற்றை அளக்கப் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது. நிரலைத் தட்டச்சு செய்ய ஒன்றரை மணி நேரம். எட்டு ஐம்பதுக்கு விடை வந்தது. பத்தொன்பது வருடத்தில் கிணறு இறங்கியது பதினான்கு அடி. அதில் ஐந்தரை மழையால். எட்டரை, நான்கு போர்களால். ஒவ்வொரு போருக்கும் தனித்தனியாகவே எண் வந்திருந்தது.

மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பிரிண்ட் எடுத்துக்கோங்கோ அப்பா" என்றாள்.

பிரிண்டர் சொருகும் இடத்தில் பெட்டி சொருகியிருந்தது. பெட்டியைப் பிடுங்கினால் லினக்ஸ் போய்விடும். இருவரும் மெஷினின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் திரையைப் பார்த்து எண்களைப் படிக்கப் படிக்க அவள் எழுதினாள். மணி ஒன்பதைத் தாண்டியதை அவள் சொல்லவில்லை. அன்று மாலை வரைதாளில் கையாலேயே படம் போட்டேன். இறங்கும் கோட்டில் நான்கு படிக்கட்டுகள், ஒவ்வொன்றின் கீழும் போர் போட்ட வருடம்.

கூட்டம் எதிர்வீட்டு மாடியில். பதினேழு பேர் வந்தார்கள், பதினொரு நாற்காலிகள். நான் நினைத்தபடியே கட்டுகிறவர், "மழையே இல்ல சார், கெணறு எப்படி நிக்கும்?" என்று ஆரம்பித்தார். நான் படத்தை விரித்தேன். மழையின் பங்கு இது, போர்களின் பங்கு இது என்று காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எனக்கு உள்ளே ஒரு பெருமை.

மூன்றாவது படிக்கட்டின் மேல் ஒருவர் விரலை வைத்தார். எதிர்வீட்டுக்காரர். அவர் மாடியில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

"இந்த வருஷம் போர் போட்டது நாங்கன்னா?" என்றார்.

அதை நான் எண்ணியிருக்கவில்லை. நான்கு படிக்கட்டுகளின் சொந்தக்காரர்களும் அந்த மாடியில் இருந்தார்கள். என் பக்கம் பேச வந்தவர்கள்.

"அப்போ உங்க கெணத்துல ரெண்டேகால் அடிய நாங்க குடிச்சுட்டோம்ங்கறேள்?"

"கணக்கு அப்படித்தான் சொல்றது" என்றேன்.

"கணக்கு வேற என்ன சொல்றது? உங்காத்துல மட்டும் யாரும் குளிக்கறதில்லையாமா?"

கட்டுகிறவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. நான்கு குரல்கள் ஒரே சமயத்தில் பேசின. என் பையில் தண்ணீர்ப் பட்டியல் மடித்து வைத்திருந்தேன். தினம் முப்பத்தொரு பக்கெட்தான் என்று நிரூபிக்க எடுத்து வந்தது. அதைப் பிரித்தேன். ஏழாவது வரி, சிவப்புக் கோடு, கண்ணில் பட்டது.

"நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்றேன். எர்த் குழாயைப் பற்றிச் சொன்னேன். ஒரு பக்கெட்டை மிச்சம் பிடித்தது, பன்னிரண்டு நாள் மிக்சியையும் மருமகளையும் மச்சினனையும் சந்தேகப்பட்டது, கடிக்கிறது என்று சொன்னவரை நம்பாதது, கடைசியில் பத்துப் பக்கெட் ஊற்றியது. யார் குடித்தது என்று சண்டை போட நான் வரவில்லை, என் பங்கும் இதில் இருக்கிறது, ஐந்தாவது படிக்கட்டு வேண்டாம் என்றுதான் கேட்க வந்தேன் என்றேன். இதையெல்லாம் அழகாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் கேட்டேன். அதற்கு ஒருவர் சிரித்தார்.

எதிர்வீட்டுக்காரர் படத்தின் மேலிருந்த விரலை எடுத்தார். பிறகு கட்டுகிறவரிடம் திரும்பி, "சார், ரெண்டு போரும் இவர் சுவத்தண்டதான் போடணுமா?" என்று கேட்டார்.

ஒரு மணி நேரம் பேரம் நடந்தது. முடிவு: இரண்டு போரில் ஒன்று தெருப்பக்கம் நகரும், என் கிணற்றிலிருந்து ஐம்பத்தொரு அடி. இன்னொன்று அதே இடத்தில், பதினெட்டு அடியில். பாதி. எதிர்வீட்டுக்காரர் ஆறு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறு வருடம் மே மாதம் நனைந்த முடிச்சுகள் இரண்டு. மூன்று இரண்டாகியிருந்தது. இரண்டு போரும் பக்கத்தில் வந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. லினக்ஸ் பெட்டியை மச்சினனிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று.

சுவர்ப் பட்டியலில் ஏழாவது வரியை மறுபடி எழுதினேன். கூட்டத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லை மூலைக்குப் போனார். நான் கிணற்றடியில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். குழாயடியில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"எண்ணிக்கோ ஐயரே" என்றார். "ஒண்ணு."